புரொஸ்ரேற் புற்றுநோய்: சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் எது பொறுக்கலாம், எதுக்கு ஓட வேணும்? (திருமலை இழை)

#1 உட்துறைமுகவீதி (இழையைத் தொடங்கியவர்)

திருகோணமலையில இருந்து இந்த வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவைக்கு முதல் தலையிடி தூரம். பரிசோதனை ஒரு இடம், ஒப்பரேஷன் இன்னொரு இடம், கதிர்ச் சிகிச்சைக்குக் கண்டியோ மகரகமவோ தெல்லிப்பழையோ எண்டு அலைச்சல். கிளினிக்கில டொக்டரோட கதைக்கக் கிடைக்கிறது அஞ்சு நிமிஷம். சந்தேகம் வாறது வீட்டில, ராத்திரி பதினொரு மணிக்கு.

அதுக்குத்தான் இந்த இழை. எந்தச் சிகிச்சை திறம் எண்ட வாக்குவாதம் இங்க வேண்டாம். சிகிச்சைக்குப் பிறகு உடம்பு என்ன செய்யும், வீட்டில என்ன செய்யலாம், எதுக்கு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும், இவ்வளவும் போதும். சொந்தக் கதையும் டொக்டர்மாரின்ர பெயரும் வேண்டாம். தொழில் தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ, மற்றவை கேளுங்கோ.

#2 வார்ட்தாதி

முதல் கதீற்றரில, அதாவது சலம் போகப் போடுற ரியூப்பில இருந்து வாறன். புரொஸ்ரேற்றை (சலப்பைக்குக் கீழ ஆம்பிளையளுக்கு இருக்கிற சுரப்பி) முழுசா எடுக்கிற ஒப்பரேஷனுக்குப் பிறகு ரியூப் பொதுவா 7 தொடக்கம் 14 நாள் இருக்கும். சலப்பையின்ர கழுத்தையும் சலக்குழாயையும் சேர்த்துத் தைச்சிருக்கினம். அந்தத் தையல் ஆறும் வரைக்கும் ரியூப் அதுக்கு ஒரு முட்டு மாதிரி நிக்குது. உள்ளுக்கு ஒரு சின்னப் பலூன், அதுக்குள்ள பெரும்பாலும் 10 மில்லிலீற்றர் தண்ணி. அதுதான் ரியூப் வழுகி வராமப் பிடிக்குது. ஆரும் இழுத்தால் தையலில நேரடியா இழுவை விழும்.

அதால ரியூப்பைத் தொடையில கட்டி வையுங்கோ. பட்டி இல்லாட்டிப் பிளாஸ்ரர். கட்டின இடத்துக்கும் ஆணுறுப்புக்கும் இடையில ரியூப் கொஞ்சம் வளைஞ்சு தளர்வா நிக்க வேணும், விறைப்பா நிக்கப்படாது. காலை மாலை சோப்பும் தண்ணியும் போட்டு ரியூப் வெளிய வாற இடத்தைக் கழுவுங்கோ. கழுவேக்கை கை உடம்புப் பக்கத்தில இருந்து வெளிப் பக்கம் போக வேணும், திருப்பித் தேய்க்க வேண்டாம். டெற்றோல் ஊத்த வேண்டாம். சுன்னத்துச் செய்யாதவை முன்தோலைப் பின்னால தள்ளிக் கழுவினால், கழுவி முடிஞ்ச உடன முன்னுக்குக் கொண்டு வாங்கோ. மறந்து விட்டால் தோல் இறுகி நுனி வீங்கும். அதுவே ஒரு அவசரம்.

யூரின் பாக் எப்பவும் சலப்பையை விடத் தாழ. நிலத்தில தொடப்படாது. முக்கால்வாசி நிரம்ப முன்னம் ஊத்துங்கோ, பாரம் கூடினால் அதுவும் ரியூப்பை இழுக்கும். வெளிக்குப் போகேக்கை முக்கினால் சலத்தில இளஞ்சிவப்பு வாறது வழமை, தண்ணி குடிக்கத் தெளியும். தக்காளிச் சாறு மாதிரித் தடிச்சு வந்தாலோ, கட்டி கட்டியா வந்தாலோ பொறுக்க வேண்டாம்.

#3 நிலாவெளிக்கரை

அக்கா, ஒரு சந்தேகம். பாக்கில சலம் இறங்கேல்லை, ஆனா ரியூப்பைச் சுத்தி வெளியால ஒழுகுது. அடிவயிறு இறுக்கிப் பிடிக்குது எண்டு சொல்லுறார். இது அடைப்போ?

#4 வார்ட்தாதி

ரெண்டில ஒண்டு தம்பி. சலப்பை ரியூப்பை வெளிய தள்ளப் பார்த்துச் சுருங்கிறது ஒண்டு. அப்ப திடீரெண்டு பிடிக்கும், பக்கத்தால ஒழுகும், கொஞ்ச நேரத்தில விடும், பாக்கிலயும் சலம் வந்து கொண்டிருக்கும். இது ஆபத்தில்லை. மலச்சிக்கல் இருந்தால் இது கூடும், அதைச் சரிப்படுத்துங்கோ. கனக்கத் தொந்தரவெண்டால் குளிசை இருக்கு, கிளினிக்கில கேளுங்கோ.

மற்றது உண்மையான அடைப்பு. முதல் ரியூப் எங்கயும் மடிஞ்சு போய்க் கிடக்கோ, சாரத்துக்குள்ள சிக்கியிருக்கோ, அவர் அதுக்கு மேல இருக்கிறாரோ எண்டு பாருங்கோ. முக்கால்வாசிப் பேருக்குப் பிரச்சினை அங்கதான். பாக் தாழ இருக்கோ எண்டும் பாருங்கோ. எல்லாம் சரியா இருந்தும் ரெண்டு மணித்தியாலமா ஒரு சொட்டும் இறங்காமல், வயிறு ஊதிக்கொண்டு வந்தால் ஆஸ்பத்திரிதான்.

அங்க போன உடன முதல் சொல்ல வேண்டிய வசனம்: "புரொஸ்ரேற் முழுசா எடுத்த ஒப்பரேஷன், இத்தனையாம் நாள்." ரியூப் கழண்டு விழுந்து போனாலும் இதையே சொல்லுங்கோ. புதுத் தையலுக்குள்ளால கண்ணை மூடிக்கொண்டு வேற ரியூப் தள்ளினால் தையல் பிரியலாம். யூரோலஜி ஆக்களோட கதைச்சுப் போட்டுத்தான் போட வேணும். டிஸ்சார்ஜ் துண்டைப் பொலித்தீன் உறையில போட்டுக் கதவுக்குப் பக்கத்தில கொளுவி வையுங்கோ. அவசரத்தில ஒருத்தருக்கும் அது அம்பிடாது.

#5 உவர்மலை_பிசியோ

கதீற்றர் எடுத்த பிறகு வரும் ஒழுக்கைப் பற்றி எழுதுகிறேன்.

புரொஸ்ரேற் இருந்தவரை சலத்தை அடக்க இரண்டு காவல் இருந்தன. ஒப்பரேஷனில் மேல் காவல் போய்விட்டது. கீழே இருக்கும் சுருக்குத் தசையும் இடுப்புத் தளத் தசைகளும் மட்டுமே மிச்சம். அதுவரை பாதி வேலை செய்த தசை இப்போது முழு வேலையும் செய்யவேண்டும். அதனால்தான் படுத்திருக்கும்போது ஒழுகாதவருக்கு எழும்பினால், இருமினால், தும்மினால், வாளி தூக்கினால் ஒழுகுகிறது. பின்னேரம் ஆக ஆகத் தசை களைத்து ஒழுக்குக் கூடும். காலையில் நன்றாக இருந்தது, மாலையில் கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

தசையைக் கண்டுபிடிப்பது: சாதாரணமாக மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள், அது போதும். காற்றுப் போகாமல் அடக்குவது போலவும், அதே நேரம் ஆணுறுப்பை உள்ளே இழுப்பது போலவும் இறுக்குங்கள். கண்ணாடியில் பார்த்தால் உறுப்பின் அடிப்பகுதி சிறிது உள்ளே போகும், விதைப்பை சற்று மேலே எழும்பும். பிட்டம் இறுகினால், தொடை இறுகினால், மூச்சு நின்றால் பிழை. ஒரு கையை வயிற்றில் வையுங்கள். வயிறு வெளியே தள்ளினால் நீங்கள் முக்குகிறீர்கள். அது நேர் எதிரான வேலை.

அளவு: 10 வினாடி இறுக்கி, 10 வினாடி முழுக்கத் தளர்த்தி, 10 தடவை. பிறகு வேகமாக ஒரு வினாடி இறுக்கு, விடு என்று 10 தடவை. நாளுக்கு மூன்று வேளை. 10 வினாடி முடியாதவர் 3 வினாடியில் தொடங்கிக் கிழமைக்கு ஒரு வினாடி கூட்டட்டும். முதலில் படுத்து, பிறகு இருந்து, பிறகு நின்று. நிற்கும்போது ஒழுகுகிறவர் படுத்து மட்டும் பழகினால் பாதி வேலைதான் நடக்கும்.

இதைவிட முக்கியமானது நேரம் பிடிப்பது. கதிரையில் இருந்து எழும்ப முன், இரும முன், தும்மல் வருகிறது என்று தெரிந்த அந்த நொடியில், முதலே இறுக்குங்கள். இதைப் பழக்கமாக்கியவர்களுக்குத்தான் பாட் (உள்ளாடைக்குள் வைக்கும், சலம் உறிஞ்சும் அட்டை) எண்ணிக்கை வேகமாகக் குறைகிறது.

பெரும்பாலானோருக்கு 3 மாதத்தில் நல்ல வித்தியாசம் தெரியும், 12 மாதம் வரை முன்னேற்றம் தொடரும். ஒரு வருடம் கழிந்தும் ஒரு நாளைக்குப் பல பாட் நனைந்தால் அதற்குத் தனிச் சத்திரசிகிச்சை உண்டு, செயற்கைச் சுருக்குத் தசை உட்பட. "வயசு போயிட்டுது, இப்பிடித்தான்" என்று விட வேண்டியதில்லை.

#6 மூதூர்த்துறை

சலம் போகேக்கை இடையில நிப்பாட்டி நிப்பாட்டிப் பழகினால் தசை கெதியாப் பலப்படும் எண்டு எல்லாரும் சொல்லினமே? கதீற்றரோட இருக்கேக்கையே தொடங்கச் சொல்லியும் கேள்வி.

#7 உவர்மலை_பிசியோ

இரண்டும் வேண்டாம். நிப்பாட்டிப் பார்ப்பது எந்தத் தசை என்று அறிய ஒரு தடவை மட்டும். தினமும் செய்தால் சலப்பை முழுக்கக் காலியாகாமல் மிச்சம் தங்கும், அதில் கிருமி வளரும். கதீற்றர் இருக்கும்போது இறுக்கினால் பலூன் உரசிச் சலப்பைப் பிடிப்பு வரும். தொடங்க நல்ல நேரம் ஒப்பரேஷனுக்கு முன், சில கிழமைகள். பிறகு ரியூப் எடுத்த அடுத்த நாள்.

கூடவே, 6 கிழமைக்குப் பாரம் தூக்க வேண்டாம். கிணற்று வாளி, அரிசி மூடை, காஸ் சிலிண்டர், பேரப்பிள்ளை எல்லாம் பாரம்தான். நடப்பது மட்டும் முதல் நாளில் இருந்தே வேண்டும்.

#8 மூதூர்த்துறை

விளங்குது. அடுத்தது பஸ். கிளினிக்குக்குப் போற நாளில ஒழுகும் எண்ட பயத்தில விடிய இருந்து ஒரு சொட்டுத் தண்ணியும் குடிக்காமல் ஏறுற ஆக்கள் இருக்கினம். ஆறேழு மணித்தியாலப் பயணம்.

#9 வார்ட்தாதி

அதுதான் செய்யக் கூடாதது. தண்ணியைக் குறைச்சால் சலம் தடிக்கும், மஞ்சள் கூடும், அது சலப்பையின்ர உள்தோலை எரிக்கும், இன்னும் அடிக்கடி போக வேணும் போல இருக்கும். ஒரு நாளைக்கு ஒண்டரை தொடக்கம் ரெண்டு லீற்றர். எங்கட கச்சான் கால வெக்கையில வேர்வைக்கு இன்னும் ஒரு போத்தல் கூட்டுங்கோ. குறைக்க வேண்டியது பிளேன்ரீ, கோப்பி, சோடா. தேயிலையில இருக்கிற கபீன்தான் சலப்பையைக் குத்தி எழுப்புது. பயண நாள் காலமை பிளேன்ரீக்குப் பதிலா இளஞ்சூட்டுத் தண்ணியைக் குடிச்சுப் பாருங்கோ, வித்தியாசம் தெரியும்.

கொழும்புக்கு எண்டால் என்ர அபிப்பிராயம் இரவு ரயில். ரயிலில ரொய்லற் இருக்கு, எழும்பி நடக்கலாம். பஸ்ஸெண்டால் நடுவில நிக்கிற இடம், உதாரணத்துக்கு ஹபரணை, வந்தால் போக வேணும் போல இல்லாட்டியும் இறங்கிப் போங்கோ. கறுப்பு அல்லது கடும் நீலக் காற்சட்டை, ஒரு மாத்துச் சாரம், ரெண்டு பாட், வாய் இறுக்கிக் கட்டக்கூடிய பொலித்தீன் பை ரெண்டு. குழந்தைப் பிள்ளைக்குக் கட்டுற பம்பர்ஸ் மாதிரியே பெரிய ஆக்களுக்கு இருக்கிறதை நெடுக நாள் கட்ட வேண்டாம். எங்கட வெக்கைக்குத் தொடை இடுக்கு வெந்து போகும். கொஞ்ச ஒழுக்கெண்டால் இறுக்கமான உள்ளாடைக்குள்ள பாட் மட்டும் போதும். சாரத்துக்குள்ள பாட் நிக்காது, அதுக்குள்ளயும் உள்ளாடை வேணும்.

ஒப்பரேஷன் முடிஞ்சு முதல் மாதம் நீண்ட பயணம் போறவை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நடவுங்கோ, இருந்தபடி கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கோ. ஒரு காலில மட்டும் கெண்டைச்சதை வீங்கி நொந்தால் இரத்தக்கட்டி எண்டு நினையுங்கோ. திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு நோ வந்தால் 1990 அம்புலன்ஸ். காசில்லை.

#10 கதிர்க்கணக்கு

கதிர்ச் சிகிச்சைப் பக்கம் நான் எழுதலாம். வெளியில் இருந்து கதிர் செலுத்தும் முறை பழைய கணக்கில் 37 முதல் 39 நாள், கிழமைக்கு ஐந்து. இப்போது நிறையப் பேருக்கு 20 நாள், நான்கு கிழமையில் முடிகிறது. ஒரு நாளைக்குக் கதிர் ஓடுவது சில நிமிடங்கள். வலி இல்லை. உடம்பில் கதிர் தங்காது, பேரப்பிள்ளையை மடியில் வைக்கலாம். கதிர் விதை உள்ளே பதிப்பது வேறு கதை, அதற்குத் தனி அறிவுறுத்தல் தருவார்கள்.

முழு வித்தையும் சலப்பையும் குடலும்தான். புரொஸ்ரேற்றுக்கு மேலே சலப்பை, பின்னால் ஒட்டியபடி மலக்குடல். மலக்குடலில் காற்று நிரம்பினால் புரொஸ்ரேற் சில மில்லிமீற்றர் முன்னால் தள்ளுப்படும். திட்டம் போட்ட ஸ்கானில் இருந்த இடத்தில் அது இருக்காது. சலப்பை நிரம்பியிருந்தால் அதன் மேற்பகுதியும் சிறுகுடலும் கதிரின் பாதையை விட்டு மேலே போகும். எனவே ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி: வெளிக்குப் போய், சலத்தையும் முழுக்க விட்டு, சொன்ன அளவு தண்ணீர் குடித்து, சொன்ன நேரம் காத்திருப்பது. பெரும்பாலும் 350 முதல் 500 மில்லிலீற்றர், முக்கால் மணி நேரம் அல்லது ஒரு மணி நேரம். உங்கள் ஆஸ்பத்திரி சொன்ன அளவுதான் உங்களுக்குச் சட்டம்.

இங்கே ஒரு பொறி. முந்திய நாள் தண்ணீர் குறைவாகக் குடித்தவருக்கு அந்த அரை லீற்றரைச் சிறுநீரகம் வேர்த்த உடம்புக்கே கொடுத்துவிடும், சலப்பை நிரம்பாது. மேசையில் ஏறிய பிறகு ஸ்கானில் பார்த்துவிட்டு இறக்கி விடுவார்கள், அன்றைய வரிசை குழம்பும். முந்திய நாள் பின்னேரமே குடிக்கத் தொடங்க வேண்டும். மெஷின் தாமதமாகி அடக்க முடியாமல் போய்விட்டு வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொல்லாமல் ஏறுவதுதான் பிழை.

அந்தக் கிழமைகளில் கடலை, பயறு, பலாக்கொட்டை, கோவா, சோடா குறையுங்கள். இடுப்பில் மையால் போட்ட அடையாளத்தை அழிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகினால் திங்கட்கிழமை அடையாளம் இருக்காது.

பின்விளைவு இரண்டாம் மூன்றாம் கிழமையில்தான் தொடங்கும். சலம் எரிவு, இரவில் நாலைந்து தடவை எழும்புவது, சலம் மெலிந்து வருவது, மலம் இளகுவது, சளி மாதிரிப் போவது, வெளிக்கு அவசரம் வருவது. சிகிச்சை முடிந்து முதல் ஒன்று இரண்டு கிழமை இன்னும் கூடலாம், பிறகு 4 முதல் 6 கிழமையில் அடங்கும். "முடிஞ்சுது எண்டினம், இப்பதான் கூடுது" என்று பதற வேண்டாம். ஆனால் சலம் அறவே போகாவிட்டால், அல்லது காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், அது வேறு.

#11 நிலாவெளிக்கரை

கன்னியா வெந்நீர்க் கிணற்றில குளிச்சால் இடுப்பு நோவுக்கு நல்லம் எண்டு வீட்டில ஆக்கள் சொல்லினம். கதிர் பிடிக்கிற காலத்தில கூட்டிக்கொண்டு போகலாமோ?

#12 கதிர்க்கணக்கு

வேண்டாம். கதிர் பட்ட தோல் ஏற்கெனவே வெயிலில் கருகிய தோல் மாதிரி. அதற்குச் சுடுதண்ணீர், ஒத்தடம், விக்ஸ், சித்தாலேப எதுவும் ஆகாது. வெறும் தண்ணீர், வாசனை குறைந்த சோப், தேய்க்காமல் ஒற்றித் துடைப்பது. பருத்திச் சாரம் இதற்கென்றே நெய்த மாதிரி. முடிந்து ஒரு மாதம் கழிந்து தோல் பழைய நிறத்துக்கு வந்த பிறகு கன்னியாவுக்குப் போங்கள், ஏழு கிணறும் அங்கேதான் இருக்கும். கடல் குளிப்பும் தோல் வெடிக்காமல் இருந்தால் மட்டும்.

மறக்க முன் ஒன்று. ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து மலத்தில் சிவப்பு இரத்தம் வரலாம். மலக்குடல் தோலில் புது மெல்லிய நாளங்கள் வளர்ந்து கசிவதால் வருவது. மூலம் என்று நினைத்து வீட்டில் மருந்து போட வேண்டாம், காட்ட வேண்டும், வேறு நோயும் இருக்கலாம். கமரா போட்டுப் பார்க்கும் டொக்டரிடம் "புரொஸ்ரேற்றுக்குக் கதிர் பிடிச்சது" என்று முதலே சொல்லுங்கள். அந்தச் சுவரில் துண்டு வெட்டி எடுத்தால் புண் ஆறாமல் போகலாம்.

#13 கிண்ணியாக்குளிசை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஓமோன் மருந்துக் கணக்கை நான் சொல்றன்.

புரொஸ்ரேற் புற்றுக்குத் தீனி ஆண் ஓமோன், டெஸ்ரொஸ்ரரோன். அதை நிப்பாட்டத்தான் வயித்தில போடுற ஊசி. கோசரலின் எண்டா 3.6 மில்லிகிராம் 28 நாளுக்கு ஒண்டு, 10.8 எண்டா 12 கிழமைக்கு ஒண்டு. அது திரவம் இல்ல, அரிசி மாதிரி ஒரு துண்டு, அதால ஊசி தடிப்பம். இரத்தம் இளக்கிற குளிசை எடுக்கிறவங்க ஊசிக்கு முதல் சொல்ல வேணும். வெளிய காசுக்கு வாங்கிக் கொண்டு போறவங்க கவனம்: 25 பாகைக்கு மேல வைக்கக்கூடாது எண்டு பெட்டியில இரிக்கும். நம்மட ஊர் வீட்டுக்குள்ளயே அதை விடக் கூட. பஸ்ஸில என்ஜின் பக்கத்து இருக்கையில வைச்சுக் கொண்டு போகாதீங்க. குளிர்ப்பெட்டியில, துணி சுத்தி, ஐஸ் நேரடியாப் படாம.

இந்த வகை ஊசி முதல் ஒண்டு ரெண்டு கிழமை ஓமோனைக் கூட்டிப் போட்டுத்தான் இறக்கும். அதுக்குத்தான் பைகலுட்டமைட் 50 மில்லிகிராம் குளிசை முன்னுக்கே தொடங்கி மூணு நாலு கிழமை குடுக்கிறாங்க. "ஊசி போட்டாச்சே, குளிசை எதுக்கு" எண்டு நிப்பாட்டினா, முள்ளந்தண்டில நோய் பரவினவருக்கு அந்த ரெண்டு கிழமை ஆபத்து.

அடுத்தது அபிரட்டரோன், ஆண் ஓமோன் உண்டாகிறதை இன்னும் அடைக்கிற குளிசை. வழமையான அளவு 250 மில்லிகிராம் நாலு குளிசை, ஒரே தடவை, வெறும் வயித்தில. சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலம் கழிச்சு, அடுத்த ஒரு மணித்தியாலம் ஒண்டும் சாப்பிடாம. சாப்பாட்டோட எடுத்தா மருந்து பல மடங்கு கூட உடம்பில ஏறும். கூடக் குடுக்கிற பிரெட்னிசொலோன் 5 மில்லிகிராம் மட்டும் சாப்பாட்டோட. ஆக்கள் ரெண்டையும் மாத்திப் போடுறதுதான் நான் கூடக் காணுற பிழை. பெட்டியில தமிழ்ல எழுதி ஒட்டுங்க: "இது பசியோட. இது சோத்தோட." பிரெட்னிசொலோனைச் சடாரெண்டு நிப்பாட்டக் கூடாது. முதல் மூணு மாதம் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஈரல் இரத்தப் பரிசோதனை, அதோட பிறசர், பொட்டாசியம். இருதயத்துக்கு ஸ்பைரோனோலக்டோன் எடுக்கிறவர் எண்டா கட்டாயம் சொல்லுங்க, இந்த நோய்க்கு அது ஒத்து வராது.

அதிமதுரம் போட்ட கசாயமும் வேணாம். அதுவும் பிறசரைக் கூட்டிப் பொட்டாசியத்தை இறக்கும், அபிரட்டரோனும் அதையே செய்யும். ரெண்டும் சேந்தா இருதயத் துடிப்புக் குழம்பும்.

#14 மூதூர்த்துறை

நானா, நெருஞ்சி முள் அவிச்ச தண்ணி, வாழைத்தண்டுச் சாறு? அதையும் வேண்டாம் எண்டால் கிழவர்மார் கோவிப்பினம்.

#15 கிண்ணியாக்குளிசை

அது சலத்தைக் கூட்டும், புற்றைச் சுருக்காது. ஒழுகிற ஆளுக்குச் சலத்தைக் கூட்டிக் குடுக்கிறது எதுக்கு? சிறுநீரகம் பழுதெண்டா வாழைத்தண்டில உள்ள பொட்டாசியமும் கணக்கில வரும். குடிக்கிறதெல்லாம் கிளினிக் கொப்பியில எழுதிக் கொண்டு போங்க. மறைச்சுக் குடிக்கிறதுதான் கரைச்சல்.

#16 உட்துறைமுகவீதி

ஊசிக்குப் பதிலா விதை எடுக்கிற ஒப்பரேஷன் பற்றி ஆரும் சொல்லேல்லை. ஊசி தட்டுப்பாட்டு நேரம் அதைத்தானே சொல்லுறவை.

#17 வார்ட்தாதி

பலன் ஒண்டுதான். ஒருக்காச் செய்தால் முடிஞ்சுது. அரை நாளுக்குள்ள ஓமோன் இறங்கிப் போகும். தூரத்து ஆக்களுக்கு ஊசித் திகதி தவறுற பயம் இல்லை. திருப்பி மாத்த ஏலாது, அதுதான் விலை. கதிரோட சேர்த்துக் கொஞ்சக் காலத்துக்கு மட்டும் ஓமோன் நிப்பாட்டச் சொன்னவருக்கு இது பொருந்தாது.

#18 கிண்ணியாக்குளிசை

ஒரு சொல்லு கூட்டிக்கிறன் அக்கா. மனசு. ஊசி எண்டா "மருந்து" எண்டு ஏத்துக்குவாங்க, இதை ஏத்துக்கிறது வேற. வீட்டு ஆம்பிளைகளே முடிவெடுத்துக் கையெழுத்து வாங்காம, அவரிட்டயும் அவர்ர மனைவியிட்டயும் ஆறுதலாக் கதைக்க வேணும்.

#19 உவர்மலை_பிசியோ

எந்த வழியில் ஓமோன் குறைந்தாலும் உடம்பு ஒரே மாதிரி மாறும்: வெக்கை அடிப்பது, தசை கரைவது, வயிறு வைப்பது, எலும்பு தேய்வது, சீனி கூடுவது, காரணமில்லாத அழுகை, எரிச்சல்.

வெக்கை அடிப்பது சில நிமிடம். முகம், கழுத்து, நெஞ்சு சுடும், பிறகு வேர்த்துக் குளிரும். கொதிக்கக் கொதிக்கத் தேநீர், உறைப்புக் குழம்பு, சாராயம் இதைத் தூண்டும். ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள். வெக்கை அடிக்கும்போது அளந்து பார்த்தால் 38 பாகை காட்டாது. காட்டினால் அது காய்ச்சல். இரவு முழுக்கத் தூக்கம் போகிறது என்றால் குறைக்கக் குளிசை உண்டு, கேட்டால்தான் தருவார்கள்.

தசைக்கும் எலும்புக்கும் நடை மட்டும் போதாது. கிழமைக்கு 150 நிமிட நடையோடு இரண்டு மூன்று நாள் எதிர்ப்புப் பயிற்சி. டம்பெல் தேவையில்லை, ஒன்றரை லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பினால் ஒன்றரை கிலோ, மணல் நிரப்பினால் இன்னும் பாரம். கை இல்லாத கதிரையில் இருந்து கையூன்றாமல் 10 தடவை எழும்பி இருப்பது, மூன்று சுற்று. கடற்கரை நடை நல்லது, ஆனால் எலும்பு தேய்ந்தவர் இளகிய மணலில் வேண்டாம், ஈரமான இறுகிய மணலில் நடக்கட்டும். எலும்புக்கு நோய் பரவியவர் பாரம் தொட முன் டொக்டரிடம் கேட்க வேண்டும்.

கல்சியம் நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம். 100 கிராம் குரக்கன் மாவில் ஏறத்தாழ 350 இருக்கிறது. கிண்ணியா எருமைத் தயிர், முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, முருங்கையிலை எல்லாம் உதவும். நெத்தலிக் கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்குங்கள், பிறசர் ஏற்கெனவே ஏறுகிற காலம் இது. தயிருக்குப் பாணி ஊற்றும் கை கொஞ்சம் குறையட்டும்.

மனம் இருண்டு போனால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம்.

#20 நிலாவெளிக்கரை

வெளியில கேக்க வெட்கப்படுற விசயம். தாம்பத்தியம்.

#21 கிண்ணியாக்குளிசை

வெட்கம் என்னத்துக்கு தம்பி, கிளினிக்கில இதைக் கேக்காமத்தான் கடையில வந்து மெல்லிசாக் கேக்கிறாங்க. ஒப்பரேஷனில நரம்பைக் காப்பாத்தினாலும் அது அதிர்ச்சியில கிடக்கும், திரும்ப ஒண்டரை ரெண்டு வருசம் எடுக்கலாம். கதிரில மறுபக்கம்: முதல்ல ஒண்டும் தெரியாது, ஒண்டு ரெண்டு வருசத்தில மெல்லக் குறையும். ஓமோன் ஊசியில ஆசையே இறங்கும், அது அன்பு குறைஞ்சதில்ல எண்டு மனைவிக்கும் சொல்லுங்க. ஒப்பரேஷனுக்குப் பிறகு உச்சத்தில விந்து வராது. குழந்தை வேணுமெண்டா ஒப்பரேஷனுக்கு முதலே சொல்லி வைக்க வேணும்.

விறைப்புக்கு எடுக்கிற சில்டெனபில் குளிசை வெறும் வயித்தில, ஒரு மணித்தியாலம் முதல், கொழுப்புச் சாப்பாடு சாப்பிட்டாப் பிந்தும். தானா ஒண்டும் நடக்காது, ஆசை எழும்ப வேணும். நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசையோ ஐசோசோர்பைட்டோ எடுக்கிறவர் இதைத் தொடவே கூடாது, பிறசர் விழுந்து உயிர் போகும். சலம் இளகப் போகத் தாற டம்சுலோசினோடயும் தலைச்சுத்து வரும், டொக்டரைக் கேட்டுத்தான். நாலு மணித்தியாலத்துக்கு மேல விறைப்பு இறங்காட்டி ஆஸ்பத்திரி. ரோட்டோரம் வித்தாத் தொடாதீங்க. குளிசை சரிவராதவங்களுக்குப் பம்பு இரிக்கு, ஊசி இரிக்கு.

டம்சுலோசின் எடுக்கிறவர் கண்ணில வெள்ளை வெட்டப் போறாரெண்டா, கண் டொக்டரிட்டச் சொல்ல வேணும். கண்மணியைச் சுத்தி இரிக்கிற படலம் தளர்ந்து ஒப்பரேஷன் கஷ்டமாகும்.

#22 உட்துறைமுகவீதி

பி.எஸ்.ஏ. (புரொஸ்ரேற் சுரக்கிற புரதத்தை இரத்தத்தில அளக்கிற பரிசோதனை) இலக்கம் கூடினால் வீடே சாப்பிடாது. எப்ப பயப்பட வேணும்?

#23 வார்ட்தாதி

புரொஸ்ரேற் முழுசா எடுத்தவருக்கு 6 தொடக்கம் 8 கிழமையில இலக்கம் கண்டுபிடிக்க ஏலாத அளவுக்கு இறங்க வேணும். பிறகு 0.2 ஐத் தொட்டு, திருப்பிச் செய்தும் அப்பிடியே இருந்தால் கதைக்க வேணும். கதிர் பிடிச்சவருக்குக் கணக்கு வேற. சுரப்பி உள்ளுக்கு இருக்கிறதால பூச்சியத்துக்குப் போகாது. போன ஆகக் குறைஞ்ச இலக்கத்தோட 2 கூட்டினால்தான் திரும்பி வருது எண்டு எடுக்கினம். இடையில கொஞ்சம் ஏறி இறங்கிறதும் உண்டு.

எப்பவும் ஒரே லாப்பில. சலத்தில கிருமி இருந்தால் அது மாறி ஆறு கிழமை கழிச்சு. ரெண்டு நாளைக்கு முன்னம் உறவு, சைக்கிள் ஓட்டம் வேண்டாம். ஒரு இலக்கத்தை வைச்சு அழ வேண்டாம், ரெண்டு மூண்டைச் சேர்த்துப் பாருங்கோ.

#24 வார்ட்தாதி

இதைத் தனியாப் போடுறன், ஆரும் கீழ வாசிக்காமல் போகப்படாது.

எலும்புக்குப் பரவினவருக்குப் புது முதுகு நோ, படுத்தால் கூடுற நோ, நெஞ்சைச் சுத்திப் பட்டி இறுக்கின மாதிரி நோ, கால் பெலனில்லை, படியில முழங்கால் மடங்குது, ஆசனவாயைச் சுத்தி விறைப்பு, சலம் அடைப்பு: முள்ளந்தண்டு நரம்பு நெரிபடுது. அண்டைக்கே. மட்டமாப் படுக்க வைச்சு 1990. அடுத்த கிளினிக் திகதி மட்டும் பொறுத்தால் கால் திரும்பாது.

டொசிடாக்சல் எண்ட கீமோ மருந்து ஏத்துறவருக்கு மூண்டு கிழமைக்கு ஒருக்கா மருந்து. அதுக்குப் பிறகு ஒரு கிழமை பத்து நாளில வெள்ளணு ஆகக் குறையும். 38 பாகை எண்டால் பனடோல் போட்டுப் படுக்க வேண்டாம், அளந்து போட்டு உடன பெரியாஸ்பத்திரி. நடுக்கம் இருந்து காய்ச்சல் காட்டாட்டியும் அப்பிடித்தான். வாசலிலயே "கீமோ, இத்தனையாம் நாள்" எண்டு சொல்லுங்கோ, வரிசையில நிக்க வேண்டாம்.

#25 மூதூர்த்துறை

நோன்பு, தொழுகை? ஒழுகிற ஆளுக்கு வுழு (தொழுகைக்கு முன்னம் கழுவிச் சுத்தமாகிறது) நிக்குமோ எண்டு கேட்டுப் பள்ளிக்குப் போகாமல் விட்டவை இருக்கினம்.

#26 கிண்ணியாக்குளிசை

நிக்காத ஒழுக்கு உள்ளவருக்கு மார்க்கத்தில சலுகை இரிக்கு. நேரம் வந்த பிறகு கழுவி, புது பாட் வைச்சு, ஒவ்வொரு பர்ளுக்கும் (கடமையான தொழுகைக்கும்) தனியா வுழுச் செய்து தொழலாம். பிறகு ஒழுகினாலும் அந்தத் தொழுகை கூடும். மேலதிகம் மார்க்கம் படிச்ச ஆலிமிட்டக் கேளுங்க. சுஜூதில (நெத்தியை நிலத்தில வைக்கைக்க) இடுப்புத் தசையை முதலே இறுக்கினா ஒழுக்குக் குறையும், பிசியோ சொன்ன அதே வேலைதான்.

நோன்பு: கதிர் பிடிக்கிற கிழமையில, ரியூப் இரிக்கைக்க, கீமோக் காலத்தில வேணாம். தண்ணி இல்லாமச் சலம் தடிச்சா ரியூப் அடைக்கும். ஊசி மட்டும் எடுக்கிறவர் டொக்டரிட்டக் கேட்டுப் பிடிக்கலாம்.

#27 நிலாவெளிக்கரை

கடைசியா ஒண்டு. அவர் பாயிலதான் படுக்கிறவர், கட்டில் பழக்கமில்லை. பாக்கை எங்க வைக்கிறது? நிலத்தில வைக்கப்படாது எண்டியள்.

#28 வார்ட்தாதி

நல்ல கேள்வி. பாயில படுத்தால் பாக் சலப்பைக்குத் தாழ வராது, சலம் திரும்பி உள்ளுக்குப் போகும். ரியூப் எடுக்கும் மட்டும் கட்டில்தான், வாங்கு ரெண்டைச் சேர்த்துப் போட்டாலும் சரி. இரவுப் பாக் பெரிசு, ரெண்டு லீற்றர். காலில கட்டின பாக்கின்ர அடித் திறப்பில அதைக் கொளுவி, அந்தத் திறப்பைத் திறந்து விடுங்கோ. திறக்க மறந்து போட்டு விடிய ரியூப் அடைச்சுப் போச்சு எண்டு ஓடி வாறவை கனபேர். பாக்கைக் கட்டில் காலில கொளுவ ஏலாட்டிச் சுத்தமான ஒரு வாளிக்குள்ள நிமிர்த்தி வையுங்கோ.

#29 நிலாவெளிக்கரை

வாங்கு இருக்கு அக்கா. வாளியும் புதுசு ஒண்டு வாங்கிறன்.